ஒப்புக்குச் சப்பாணிக்கு எந்தப் படம்: பாண்டாவா, ஆட்டுக்குட்டியா, நத்தையா?

எங்கள் தெருவில் கபடிக்கு ஆள் பிரிக்கும்போது கடைசியாக நிற்கிறவன் என் மகன். ஒன்பது வயது, பார்த்தால் ஏழு என்பார்கள். இரண்டு பக்கமும் ஆள் சரியாகிவிட்டால் அவன் ஒப்புக்குச் சப்பாணி. பாடிப் போகலாம், யாரும் மெனக்கெட்டுப் பிடிக்க மாட்டார்கள். பிடித்தாலும் அவுட் இல்லை. யாரையாவது தொட்டுவிட்டு வந்தாலும் பாயிண்ட் இல்லை. ஆகாத சொல்லுடா அது, சொல்லாதீங்க என்று எத்தனையோ தடவை சத்தம் போட்டுப் பார்த்துவிட்டேன். மதுரையில் எங்கள் செல்லூர் கபடிக்குப் பேர்போன இடம். இங்கே களத்துக்குள் நின்றும் கணக்கில் வராமல் இருப்பது கொஞ்சம் கூடுதலாகவே உறைக்கும்.

அழகர் மலைக்குத் திரும்பிய வாரம். பள்ளிக்கூடம் லீவு. கத்திரி வெயிலுக்குப் பயந்து பகலெல்லாம் வீட்டுக்குள் அடைந்து கிடந்த பதினாலு பிள்ளைகள். மூன்றாவது வீட்டில் டியூஷன் எடுக்கிற தம்பியிடம் ஒரு புரொஜெக்டர் இருந்தது. மைக் செட் வைத்திருக்கிற எங்கள் பெரியப்பா மகன் ஒரு ஸ்பீக்கர் பெட்டி தருகிறேன் என்றார். மொட்டை மாடியில் துணி காயப்போடுகிற கம்பியில் எட்டு முழ வேட்டியைக் கட்டினால் தியேட்டர் தயார். எந்தப் படம் என்பதில்தான் இரண்டு நாள் ஓடியது.

என் கணக்கு ஒன்றே ஒன்று. மிருகங்கள் பேச வேண்டும், ஏதாவது போட்டி இருக்க வேண்டும், அந்தப் போட்டியில் ஒரு ஒப்புக்குச் சப்பாணி இறங்க வேண்டும். இந்தச் சல்லடையில் சலித்ததில் மூன்று மிஞ்சின. 2008-ல் வந்த 'குங் ஃபூ பாண்டா', 2013-ல் வந்த 'டர்போ', இந்த வருஷம் பிப்ரவரியில் வந்த 'கோட்'. முதலாவதில் குண்டுப் பாண்டா, இரண்டாவதில் கார் பந்தயத்துக்குப் போகிற நத்தை, மூன்றாவதில் பந்து விளையாடுகிற ஆடு.

நாங்கள் போட்டது டர்போ. மறுபடி கேட்டாலும் அதையே சொல்வேன். ஆகவே இதை நடுநிலையான அலசல் என்று நம்பி வாசிக்க வேண்டாம்.

எல்லாருக்கும் தெரிந்ததை முதலில் கழித்துவிடலாம். மூன்றும் கண்ணுக்கு நிறைவான படங்கள். ரத்தம் கிடையாது, அசிங்கமான பேச்சு கிடையாது. பாண்டா 92 நிமிஷம், டர்போ 96. எட்டு மணிக்கு ஆரம்பித்தால் பிள்ளைகள் சாய்வதற்குள் முடிந்துவிடும். பாண்டாவுக்குக் குரல் ஜாக் பிளாக், நத்தைக்கு ரயன் ரெனால்ட்ஸ். செல்லூர் மாடியில் அதனால் பத்துப் பைசா பிரயோஜனம் இல்லை. எங்கள் கையில் இருந்தது எல்லாமே ஆங்கிலத்தில்தான், பார்க்கிற கூட்டத்தில் பாதி இரண்டாம் வகுப்பு. அதற்கு ஒரு வழி செய்தோம், பின்னால் சொல்கிறேன்.

பாண்டாவைத்தான் எல்லாரும் சொன்னார்கள். நானும் அதை வேண்டாம் என்கிற ஆள் இல்லை. மூன்றில் நல்ல படம் எது என்று மட்டும் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு பாண்டாதான். எங்கள் வீட்டில் பத்துத் தடவைக்கு மேல் ஓடியிருக்கிறது. நூடுல்ஸ் கடை வைத்திருக்கிற வாத்து அப்பா, கடையைப் பார்த்துக்கொள்ளடா என்கிறார். மகன் கனவில் குங் ஃபூ போடுகிறான். மதுரையில் பரோட்டாக் கடைக் கல்லுக்குப் பின்னால் நிற்கிற பாதிப் பையன்களின் கதை அது. அந்த ஒற்றை உருண்டைக்காகக் குருவும் சீடனும் குச்சியை வைத்துக்கொண்டு சண்டை போடுகிற காட்சி இருக்கிறதே, கடைசியில் உருண்டை கைக்கு வந்ததும் பசிக்கவில்லை என்று பாண்டா அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். அந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைக்கும்.

ரகசியச் சுருளைப் பிரித்தால் உள்ளே ஒன்றும் எழுதியிருக்காது, பார்க்கிறவன் முகம்தான் தெரியும். அப்பாவின் சூப்பிலும் ரகசியச் சாமான் என்று எதுவும் கிடையாது. இந்த இரண்டையும் சேர்த்துக் கட்டிய விதம் அழகு. பெரியவர்கள் தனியாக உட்கார்ந்து பார்க்கிறதாக இருந்தால் இதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம்.

ஆனால் போன வருஷ லீவில் இதே படத்தை எங்கள் வீட்டு டிவியில் பிள்ளைகளுக்குப் போட்டேன். அதில் இரண்டு விஷயம் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஒன்று, பட்டப்பெயர். மதுரைப் பிள்ளைகளுக்கு லந்து கொடுக்கச் சொல்லித் தர வேண்டாம். படம் முடிந்து மாடிப்படி இறங்குவதற்குள், தெருவிலேயே கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிற பையனுக்குப் 'பாண்டா' என்று பெயர் விழுந்துவிட்டது. படத்தில் பாண்டா ஜெயித்ததெல்லாம் யாருக்கும் நினைவில்லை, தொப்பைதான் நினைவிருந்தது. பத்து நாள் அவன் தெருவுக்கே வரவில்லை. அவன் அம்மா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பால் வாங்கப் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

இரண்டாவது விஷயம்தான் என்னை உலுக்கியது. படம் முடிந்து படுக்கப் போட்ட பிறகு என் மகன் கேட்டான்: "அம்மா, அந்த ஆமைத் தாத்தா மாதிரி நம்ம தெருவுல யாரும்மா இருக்கா?"

பாண்டா எப்படி உள்ளே வந்தது என்று யோசித்துப் பாருங்கள். போட்டி நடக்கிற இடத்துக்குள் பட்டாசு நாற்காலியில் பறந்துபோய் விழுகிறது. ஊக்வே என்கிற கிழ ஆமை விரலை நீட்டி, இவன்தான் என்கிறது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு பயிற்சி உண்டு, அடி உண்டு, உழைப்பு உண்டு, எல்லாம் சரி. ஆனால் முதல் கதவைத் திறந்தது அந்த விரல். விரல் நீட்ட ஆமை இல்லாத பிள்ளை என்ன செய்வான்? என் மகன் கேட்டது அதைத்தான். நான் பேசாமல் இருந்துவிட்டேன். எங்கள் தெருவில் ஆள் பிரிக்கிறவன் பன்னிரண்டு வயசுப் பாண்டி. அவன் விரல் என் பிள்ளை பக்கம் நீண்டு நான் பார்த்ததில்லை.

இந்த ஒரு கேள்விதான் இந்த வருஷம் நான் படம் தேர்ந்தெடுத்த அளவுகோல். சின்னவனுக்குப் பலம் எங்கே இருந்து வருகிறது? மேலே இருந்து யாராவது கொடுக்கிறார்களா, வெளியிலிருந்து ஏறுகிறதா, அவனுக்குள்ளேயே கிடந்ததா? மற்றதெல்லாம் எனக்கு அப்புறம்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பாண்டா படத்தில் போட்டி என்பது தொடக்கத்தில் மட்டும். பிறகு அது சண்டைப்படம். ஆயிரம் காவலாளிகள் காவலிருக்கிற சிறையிலிருந்து டை லங் என்கிற பனிச்சிறுத்தை ஒரு இறகை வைத்தே பூட்டைத் திறந்து தப்பிக்கிற இடம் பெரியவர்களுக்குப் பிரமாதம். என் நாலு வயசு மகள் அப்போது என் முந்தானைக்குள் புகுந்தவள் படம் முடிகிறவரை வெளியே வரவில்லை.

அடுத்து ஆட்டுக்குட்டி.

'கோட்' என்று சொன்னதும் எதிர்வீட்டு அப்பத்தா, "விஜய் படம்தானப்பா? அது வந்து எம்புட்டு நாளாச்சு" என்றார். 2024 செப்டம்பரில் வெங்கட் பிரபு எடுத்து வந்த படத்தைச் சொல்கிறார். அது இல்லை அப்பத்தா, இது நிஜமாகவே ஆடு, பந்து விளையாடுகிற ஆடு என்றேன். "ஆடு என்னத்தப் பந்து விளையாடும், பந்தத் தின்னுல்ல போடும்" என்றார். எங்கள் தெரு ஆடுகளை வைத்துச் சொன்னால் அவர் சொல்வதில் தப்பில்லை. போன தேர்தலில் ஒட்டின சுவரொட்டி ஒன்றைக்கூட அவை விட்டுவைக்கவில்லை.

சோனி பிக்சர்ஸ் அனிமேஷன் எடுத்தது. வில் என்கிற சின்ன ஆடு. ரோர்பால் என்று ஒரு விளையாட்டு, கூடைப்பந்தும் மல்யுத்தமும் கலந்த மாதிரி. வேகமும் மூர்க்கமும் உள்ள பெரிய மிருகங்கள்தான் அதில் ராஜா. ஆட்டுக்கு ஒரு வாய்ப்பு கிடைக்கிறது, அணியில் இருக்கிறவர்களுக்கு அது பிடிக்கவில்லை. தயாரிப்பாளர்களில் ஒருவர் ஸ்டீஃபன் கரி. கூடைப்பந்து பார்க்காதவர்களுக்கு: 6 அடி 2 அங்குலம் உயரம், நம் ஊரில் அது பனைமரம், அமெரிக்கக் கூடைப்பந்தில் அது குள்ளம். அந்த ஆள் கோட்டுக்கு வெளியே தூரத்தில் நின்றே கூடையில் போட்டுப் போட்டு அமெரிக்க லீக்கில் மூன்று பாயிண்ட் எறிதலில் எல்லாரையும் தாண்டினார்; 2025 மார்ச்சில் நாலாயிரத்தைத் தொட்டார். உயரக்காரர்களுக்கு நடுவில் போய் எம்பிக் குதிக்காமல், உயரமே தேவைப்படாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டார். ஆட்டுக்குட்டி கதையை அவர் ஏன் கையில் எடுத்தார் என்று கேட்கவே வேண்டாம்.

என் அளவுகோலுக்கு இந்தப் படம் நன்றாகவே தேறியிருக்கலாம். தேறியது என்று அடித்துச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. தியேட்டரில் ஒரே ஒரு தடவை பார்த்தேன், அதிலும் இடைவேளைக்குப் பிறகு பாதி நேரம் மகளை ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனதிலும் பாப்கார்ன் வரிசையிலும் கழிந்தது. மகனைக் கேட்டால், "சூப்பர்ம்மா, செம ஸ்பீடு" என்பான். அதைத் தாண்டி அவன் எதுவும் பேசவில்லை. படம் பார்த்து வந்த மறுநாள் வேப்பமரத்துக் கிளையில் அடி இல்லாத பிளாஸ்டிக் வாளியைக் கட்டி மூன்று நாள் பந்தெறிந்தார்கள். நாலாம் நாள் வாளி கிழிந்தது, கபடிக்குத் திரும்பிவிட்டார்கள்.

மாடித் திரைக்கு அது ஒத்துவராததற்குக் காரணம் வேறு. விளையாட்டுப் படத்தில் யார் ஜெயிக்கிறார்கள் என்று பிள்ளைக்குத் தானாகத் தெரிய வேண்டும். கூடைப்பந்துக் கணக்கு எங்கள் தெருவுக்குப் பழக்கமில்லை. இது ஏன் இரண்டு, அது ஏன் மூன்று, பந்தை வைத்துக்கொண்டு ஓடினால் ஏன் தப்பு என்று தியேட்டரிலேயே பின்வரிசைப் பையன் அவன் அப்பாவைத் துளைத்தெடுத்தான். மாடியில் அப்படிப் பதினாலு பேர். போதாததற்கு, நாங்கள் பணம் கட்டியிருந்த சந்தாவில் அந்த வாரம் அந்தப் படம் இல்லை. ஆடு அடுத்த லீவுக்கு இருக்கட்டும் என்று தள்ளி வைத்தோம்.

இனி நத்தை.

கதை தெரியாதவர்களுக்கு நாலு வரி. லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு வீட்டுத் தக்காளித் தோட்டம், அதில் வேலை பார்க்கிற நத்தைக் கூட்டம். அதில் தியோ என்கிற நத்தைக்கு வேகத்தின் மேல் பைத்தியம். ராத்திரியானால் பழைய டிவியில் கான்யே என்கிற கார் பந்தய வீரனின் டேப்பைப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு நாள் தெருப் பந்தயக் கார் ஒன்றின் இன்ஜினுக்குள் உறிஞ்சப்பட்டு, இன்ஜின் வேகத்தைக் கூட்ட ஏற்றுகிற நைட்ரஸ் வாயு உடம்பெல்லாம் ஏறி, அசுர வேகம் வந்துவிடுகிறது. டாக்கோ என்கிற மெக்சிகோப் பலகாரம் விற்கிற வண்டி ஓட்டும் டிட்டோ கையில் சிக்கி, அவன் கடைவரிசைக்காரர்கள் காசு போட்டு, அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் 500 என்கிற கார் பந்தயத்தில் போய் நிற்கிறது.

இங்கேதான் எங்கள் மாடியில் படம் நின்றது. நான் நிறுத்தவில்லை, பிள்ளைகள் நிறுத்த வைத்தார்கள்.

பாலமேட்டில் தாய்மாமா வீட்டில் மாடு வளர்க்கிற பையன் ஒருவன் எழுந்து நின்று, "அத்தை, இது செல்லாது" என்றான். ஏன்டா? "மாட்டுக்குச் சரக்கு ஊத்தி விடுறது மாதிரித்தான இது? வாடிவாசலுக்கு முன்னாடி டாக்டர் செக் பண்ணுவாங்க. பிடிக்கிற ஆளுகளையும் செக் பண்ணுவாங்க. குடிச்சிருந்தா வெளிய. நத்தைய யாரும் செக் பண்ணலியா?"

பதினாலு பேரும் இரண்டு கட்சியானார்கள். அது வேணும்னு குடிக்கல, தானா ஏறிருச்சு என்றது ஒரு கட்சி. தானா ஏறினா மட்டும் விட்டுருவாங்களா என்றது இன்னொன்று. நத்தை ஓடக்கூடாதுன்னு ரூல் இருக்கா என்று ஒருத்தி கேட்டாள். கீழே இருந்து என் வீட்டுக்காரர், என்ன பஞ்சாயத்து மேலே என்று குரல் கொடுத்தார். சத்தியமாகச் சொல்கிறேன், இந்தப் படத்தை நான் அதற்கு முன்னால் ஐந்து தடவை பார்த்திருக்கிறேன், இது எனக்குத் தோன்றியதே இல்லை. அவன் கேட்டது நூற்றுக்கு நூறு நியாயம். என் அளவுகோல்படி பார்த்தாலும் டர்போ இந்த இடத்தில் தோற்றுவிட்டது. பலம் வெளியிலிருந்து ஏறுகிறது. ஆமைத் தாத்தா விரலாவது பரவாயில்லை, இது இன்ஜின் மருந்து.

"கடைசி வரைக்கும் பாருங்கடா, அப்புறம் பஞ்சாயத்து வச்சுக்கலாம்" என்று மறுபடி ஓட்டினேன்.

பந்தயத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மொழி புரியாத பிள்ளைகளைக் கட்டிப் போட்டது அதுதான். அது உண்மையான பந்தயம், 1911 முதல் நடக்கிறது, வருஷா வருஷம் மே மாதக் கடைசியில். நாங்கள் படம் போட்டதும் அதே மாதம். இரண்டரை மைல் வட்டப்பாதை, 200 சுற்று, 33 கார். மொத்தம் 500 மைல், அதாவது 805 கிலோமீட்டர்: மதுரையிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்பி, முக்கால்வாசி ஊருக்கே வந்துவிடலாம். ஜெயித்தவர் பால் குடிக்கிற வழக்கம் ஒன்று உண்டு. அதன் ஆரம்பம் பால்கூட இல்லை, மோர். 1936-ல் ஜெயித்த லூயிஸ் மேயர் மோர்ப் பாட்டிலைத் தூக்கிக் குடித்தார், அதைப் பார்த்துப் பால் கம்பெனிக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். இதைச் சொன்னதும் அப்பத்தா முதல் தடவையாகப் படத்தில் அக்கறை காட்டினார். திருவிழாவில் நீர்மோர்ப் பந்தலில் நின்று ஊற்றிக் கொடுத்த கை அது.

யார் முன்னால் ஓடுகிறானோ அவன் ஜெயிக்கிறான். இதற்கு விளக்கம் தேவையில்லை. ஆனாலும் வசனம் புரியாத குறைக்கு, ஐடிஐ படிக்கிற முத்துவிடம் மைக்கைக் கொடுத்திருந்தோம். ஜல்லிக்கட்டு வர்ணனையை அப்படியே பேசிக் காட்டுகிறவன். பந்தயம் தொடங்கியதும் ஸ்பீக்கரில் ஆங்கிலத்தைக் குறைத்துவிட்டு அவன் ஆரம்பித்தான்: "இந்தா வருது, இந்தா வருது, லாஸ் ஏஞ்சல்ஸ் தக்காளித் தோட்டத்து நத்தை! மாட்டுக்காரர் டாக்கோக் கடை டிட்டோ! தொட்டுப் பாரு, தொட்டுப் பாரு! நத்தையப் பிடிச்சா ஒரு அண்டா, ஒரு சைக்கிள், ஒரு தங்கக்காசு! கார்க்காரவுக ஒதுங்கிக்கங்க, ஒதுங்கிக்கங்க!" பக்கத்து மாடிகளில் பாய் விரித்துப் படுத்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து கைப்பிடிச் சுவரோரம் வந்து நின்றார்கள். பாண்டாவுக்கு இந்த வர்ணனை ஒட்டாது. கூடைப்பந்துக்கு முத்துவுக்கே கணக்குத் தெரியாது.

இப்போது அந்தக் கடைசிச் சுற்று. கார்கள் ஒன்றோடொன்று மோதி நொறுங்குகின்றன, நத்தையின் ஓடு அடிபடுகிறது, நைட்ரஸ் வேகம் போய்விடுகிறது. கோடு கண்ணுக்குத் தெரிகிறது. இருப்பது பழைய நத்தை, பழைய ஊர்தல். எந்த வீரனை டிவியில் பார்த்துப் பார்த்து வளர்ந்ததோ அந்தக் கான்யேயே இப்போது எதிரி. முத்து மைக்கைக் கீழே இறக்கிவிட்டான். நத்தை ஓட்டுக்குள் ஒடுங்கி, உருண்டு, நூலிழையில் கோட்டைத் தாண்டுகிறது.

ஓட்டுக்குள் ஒடுங்குவது என்றால் என்ன? படத்தின் தொடக்கத்தில் தோட்டத்தில் ஆபத்து வரும்போதெல்லாம் நத்தைகள் செய்வது அதைத்தான். பயந்தாங்கொள்ளி வேலை. எந்நேரமும் பாதுகாப்பு பாதுகாப்பு என்று தம்பியை அடக்கிக்கொண்டே இருக்கிற அண்ணன் நத்தையின் வேதமே அது. அந்தப் பயந்தாங்கொள்ளி வேலைதான், மருந்தெல்லாம் இறங்கிய பிறகு, பந்தயத்தை ஜெயித்துக் கொடுக்கிறது. ஆமையின் விரல், இன்ஜின் மருந்து இரண்டும் இல்லாத இடத்தில் நத்தையிடம் என்ன மிச்சமிருந்ததோ அது. ஐந்து தடவை பார்த்தபோது இதை நான் கவனிக்கவே இல்லை. சரக்கு ஊத்துன மாடு என்று அந்தப் பிள்ளை சொன்னதால்தான் மருந்து இறங்கும் இடம் எனக்குப் பளிச்சென்று தெரிந்தது.

"இப்ப செல்லுமாடா?" என்று பாலமேட்டுப் பையனைக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தான். "கடைசி இது மட்டும் செல்லும்" என்றான். கறாரான நடுவர்.

அண்ணன் நத்தையைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் தடவை பார்த்தபோது அது எரிச்சலூட்டுகிற பாத்திரம். இந்தத் தடவை, "அங்கிட்டுப் போகாத, விழுந்துருவ, அவனுங்க பெரிய பசங்க" என்று நான் என் மகனிடம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறேன் என்று நினைவு வந்து உட்கார்ந்திருந்த இடத்திலேயே நெளிந்தேன். டிட்டோவுக்கும் ஒரு அண்ணன் உண்டு, சமைக்கிறவன், இதேபோல் தலையில் அடித்துக்கொள்கிறவன். இரண்டு ஜோடி அண்ணன் தம்பிகளை வைத்து ஒரே சண்டையை இரண்டு தடவை காட்டுகிறார்கள். சில இடத்தில் அது இழுவை, ஒத்துக்கொள்கிறேன். நடுவில் டிட்டோவின் கடைக் காட்சிகளில் நாலைந்து பிள்ளைகள் எழுந்து தண்ணீர்ப் பானைக்குப் போனார்கள். மற்ற நத்தைகளின் கும்மாளமும் பாண்டாவின் ஐந்து வீரர்கள் அளவுக்கு மனசில் நிற்காது. பேசிக்கொண்டிருக்கும்போதே காக்கை வந்து ஒரு நத்தையைக் கொத்திக்கொண்டு போக, மிச்சம் நத்தைகள் ஒன்றும் நடக்காத மாதிரி வேலையைத் தொடர்கிற வேடிக்கை ஒன்று வரும். நாங்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம்; என் மகள் மட்டும், "அது அம்மாட்ட எப்பப் போகும்?" என்று கேட்டாள். நாலு வயசுக்கு உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கேள்வி வரலாம், பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டப்பெயர் விஷயத்தில் நத்தை காப்பாற்றிவிட்டது. மறுநாளே என் மகனுக்கு 'டர்போ' என்று பெயர் வைத்தார்கள். லந்துக்குத்தான் வைத்தார்கள், ஆனால் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற பெயர். அவன் கபடியில் ஏதாவது சாதித்தானா என்றால், இல்லை. பிடிக்க வருகிறவன் காலுக்கடியில் உருண்டு கோட்டைத் தொடப் பார்க்கிறான், முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு வருகிறான். இரண்டு தடவை பாண்டி அவனை நிஜமாகவே பிடித்து அவுட் கொடுத்திருக்கிறான். அவுட் கொடுத்தான் என்று சந்தோஷமாக ஓடிவந்து சொன்னதை வேறு எந்த அம்மாவாவது கேட்டிருப்பாளா தெரியாது.

அடுத்த வாரம் கோடை மழை பெய்தது. அப்பத்தா வீட்டுச் சுவரில் நத்தைகள் ஏறின. முருங்கைக் கன்றைத் தின்றுவிடும் என்று எல்லா வருஷமும் போல் கல்லுப்பை அள்ளிக்கொண்டு வந்தார் அப்பத்தா. நாலைந்து பிள்ளைகள் போய் மறித்து நின்றார்கள். கடைசியில் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் நத்தைகளைப் பொறுக்கிக்கொண்டுபோய் வைகைக் கரையில் விடுவதென்று ஒப்பந்தமாயிற்று. வழியில் எத்தனைக்குப் பெயர் வைத்தார்கள், எத்தனையை ஓடவிட்டுப் பார்த்தார்கள் என்று நான் கேட்கவில்லை. போய்த் திரும்ப இரண்டு மணி நேரம் ஆயிற்று.

டர்போவில் ஒரு இடம் மட்டும் எனக்கு இன்றைக்கும் ஆகாது. பந்தயம் முடிந்து எல்லாரும் ஊருக்குத் திரும்பிய பிறகு, ஓடு ஆறி, அந்த நைட்ரஸ் வேகமும் நத்தைக்குத் திரும்பி வந்துவிடும். எதற்கு அது? உருண்டே ஜெயித்தவனுக்கு மறுபடி எதற்கு மருந்து? இந்தக் கடைசி நிமிஷங்கள் இல்லாமல் இருந்திருந்தால் பாண்டாவுக்குச் சமமாக வைத்திருப்பேன்.

அதனால் மாடியில் ஒரு வேலை செய்தேன். நத்தை கோட்டைத் தாண்டி, கூட்டம் ஆர்ப்பரித்து, பிள்ளைகள் விசிலடித்து முடித்ததும், காலால் தடவி ஜங்ஷன் பாக்ஸ் சுவிட்சை அணைத்துவிட்டேன். "கரண்ட் போச்சு, அவ்வளவுதான் படம், எந்திரிங்க" என்றேன். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எதிர்வீட்டு மாடி விளக்கு எரிந்துகொண்டிருந்ததை நல்லவேளை யாரும் பார்க்கவில்லை.

நாலு நாள் கழித்துப் பாலமேட்டுப் பையன் வாசலில் வந்து நின்றான். அவன் அம்மா போனில் மிச்சத்தைப் பார்த்திருக்கிறான். "அத்தை, அன்னைக்குக் கரண்ட் போகலைல?"

"ஏன்டா?"

"அதுக்குத் திரும்ப ஏறிருச்சு அத்தை. நான் யார்ட்டயும் சொல்லல." தெருப்பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டான். "டர்போட்டயும் சொல்லல."